பெட்டிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு ஐஸ் கம்பெனி. பேனலில் டெம்பரேச்சர் கன்ட்ரோலர், அதன் பின்பக்கம் ஆர்எஸ்-485 (ஒரு ஜோடி வயரில் பல கருவிகள் பேசும் சீரியல் முறை) என்று இரண்டு ஸ்க்ரூ. அங்கிருந்து ஒரு ஜோடி வயர், சீரியல் வயரில் வருவதை நெட்வொர்க்குக்கு மாற்றித் தரும் சீரியல் சர்வர் பெட்டிக்குப் போகிறது. பெட்டியிலிருந்து 4ஜி ரவுட்டர், அதற்கப்புறம் மதுரையில் ஒரு கம்ப்யூட்டர். வாலிநோக்கம் உப்பளத்து எடைமேடை, தொண்டிப் பக்கத்து இறால் பண்ணை, ஊருக்கு ஊர் இருக்கும் ஆர்ஓ பிளான்ட் எல்லாவற்றிலும் கருவிதான் மாறும், அமைப்பு இதுதான். திடீரென்று ஒருநாள் திரையில் எண்கள் நின்றுபோகும். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ. ஒரு ஸ்க்ரூவை முறுக்குவதற்காகப் போய்வந்தால் அன்றைய பொழுது போச்சு. போய்ப் பார்த்தபின் பழுது மதுரைக் கம்ப்யூட்டரில்தான் என்று தெரிந்தால் இன்னும் எரிச்சல்.

கிளம்புவதற்கு முன் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பழுது பெட்டிக்கு நெட்வொர்க் பக்கமா, சீரியல் பக்கமா? பலரும் நேராக "நெட் சரியில்லை" என்று ஆரம்பித்து, சிம்மை மாற்றி, ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பாதி நாளைக் கழிப்பார்கள். அதெல்லாம் தேவையில்லை. பெட்டியின் ஐபி முகவரிக்கும் போர்ட் எண்ணுக்கும் (அந்த முகவரியில் எந்தக் கதவு என்று சொல்லும் எண்) ஒரு சாதாரண டிசிபி இணைப்பு போட்டுப் பாருங்கள். என்ன நடக்கிறது என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

அரை நிமிடம் காத்திருந்து "டைம் அவுட்" என்று வந்தால் நீங்கள் அனுப்பியது பெட்டிவரை போகவே இல்லை. நொடியில் "மறுக்கப்பட்டது" என்று வந்தால் அது நல்ல செய்தி. அந்த முகவரியில் ஏதோ ஒரு கருவி உயிரோடு இருந்து பதில் சொல்கிறது. போர்ட் எண் தவறு, அல்லது அந்தப் போர்ட்டை வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். இணைப்பு கிடைத்து எதுவுமே வராவிட்டால் பெட்டிக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இணைப்பும் கிடைத்து, எழுத்தும் வந்து, அது குப்பையாக இருந்தால் அநேகமாக வயரில் பழுதில்லை, செட்டிங்கில்தான்.

டைம் அவுட்டை முதலில் முடித்துவிடுவோம். புதிதாகப் போட்ட இணைப்பு முதல் நாளிலிருந்தே வராவிட்டால், ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது சிம் கம்பெனி அதற்குக் கொடுத்த முகவரியைப் பாருங்கள். 100.64-லிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால், அல்லது 10-இல் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட் (CGNAT) என்பதற்குப் பின்னால் இருக்கிறீர்கள். 100.64 வரிசையை இதற்கென்றே 2012-இல் ஒதுக்கினார்கள். ஒரே பொது முகவரியை ஏராளமான சிம்கள் பங்கு போடும் ஏற்பாடு இது. வெளியிலிருந்து உள்ளே வர வழியே கிடையாது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் நடக்காது. ஸ்டேடிக் (மாறாத) ஐபி உள்ள எம்டுஎம் சிம் (கருவிகளுக்கென்றே தரும் சிம்) வாங்கலாம். அதைவிட நல்லது, ரவுட்டரே வெளியே கிளம்பி உங்கள் சர்வருக்கு ஒரு விபிஎன் (நெட்டுக்குள் ஓடும் தனி வழி) போட்டுக்கொள்வது. வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் போதும், கீப்அலைவ் ("இருக்கிறேன்" என்று அவ்வப்போது அனுப்பும் சின்னப் பாக்கெட்) 25 நொடி என்று வைத்துவிட்டால் வழி மூடாமல் இருக்கும். பொது ஐபி கிடைத்தாலும் மோட்பஸ்ஸின் (இந்தக் கருவிகள் கேள்வி-பதிலாகப் பேசும் நெறிமுறை) 502 போர்ட்டை உலகத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். அந்த நெறிமுறையில் கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. கதவு திறந்திருந்தால் யார் வேண்டுமானாலும் கம்ப்ரசரை நிறுத்தலாம்.

ராமேஸ்வரம் தீவின் கிழக்கு நுனியில் ஒரு தனித் தொல்லை உண்டு. தனுஷ்கோடிக்கு எதிரே தலைமன்னார் சுமார் 30 கி.மீ.தான்; போன் இலங்கை டவரைப் பிடிப்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். ரவுட்டரும் அதையே செய்யும். ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைத் தானாகத் தேட விடாமல் கையால் தேர்ந்தெடுத்துப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளூர் டவர் ஒரு நிமிடம் தடுமாறினால் போதும், ரவுட்டர் அக்கரையைத் தேடிக்கொண்டு நிற்கும்.

அடுத்து "மறுக்கப்பட்டது". காலையில் நன்றாக வேலை செய்து, 4ஜி ஒருமுறை அறுந்து வந்ததும் மறுக்க ஆரம்பித்தால், கிட்டத்தட்ட எப்போதும் காரணம் பாதி செத்த இணைப்பு. உங்கள் பக்கம் அறுந்தது பெட்டிக்குத் தெரியாது. அது இன்னும் பழைய ஆளோடு பேசிக்கொண்டிருப்பதாகவே நினைத்துப் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். பெரும்பாலான பெட்டிகள் ஒரு சீரியல் போர்ட்டுக்கு ஓர் இணைப்புதான் தரும். லினக்ஸில் நீங்களே ராஸ்பெரி பை (சின்னக் கம்ப்யூட்டர் போர்டு) வைத்துக் கட்டியிருந்தால் இன்னும் மோசம்: டிசிபி கீப்அலைவின் இயல்பு அளவு 7200 நொடி, அதாவது 2 மணி நேரம். அதை 60 நொடிக்குக் கொண்டுவாருங்கள். கூடவே "புதிதாக வருபவர் பழையவரைத் தள்ளலாம்" என்ற விருப்பம் இருந்தால் போட்டுவிடுங்கள். பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்று சைட்டில் சொல்கிறார்களா? பழுது இதுதான், பெட்டியை மாற்ற வேண்டியதில்லை.

இணைப்பு கிடைத்தும் சத்தமே இல்லை. பாதிக்கு மேல் நேரம் இங்கேதான் போகும். நல்ல வேளையாக, சீரியல் சர்வரின் வெப் பக்கத்தில் டிஎக்ஸ் (வயரில் அனுப்பியது), ஆர்எக்ஸ் (வயரிலிருந்து வந்தது) என்று பைட் எண்ணிக்கை இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தப் பக்கமிருந்து ஒரு கேள்வி அனுப்புங்கள். டிஎக்ஸ் அசையாவிட்டால் உங்கள் கேள்வி வயருக்கே போகவில்லை. மோடு தவறாக இருக்கும், அல்லது ஆர்எஸ்-232-இல் (ஒரே ஒரு கருவியோடு பேசும் சீரியல் முறை) ஹார்டுவேர் ஹேண்ட்ஷேக் போட்டுவைத்து எதிர்க் கருவியில் "அனுப்பலாம்" என்று சொல்லும் சிடிஎஸ் வயரே இல்லாமல் இருக்கும். பெட்டி அனுமதிக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். டிஎக்ஸ் ஏறுகிறது, ஆர்எக்ஸ் பூஜ்யம் என்றால் கருவி பதில் சொல்லவில்லை: வயர், கருவியின் முகவரி எண், பாட் ரேட் (வயரில் பேசும் வேகம்) இவற்றைப் பாருங்கள். இரண்டும் ஏறியும் திரையில் எண் வராவிட்டால், பதில் வருகிறது, உங்கள் மென்பொருள்தான் அதைத் தூக்கி எறிகிறது.

வெப் பக்கம் திறக்க வழியில்லாவிட்டால் அங்கிருப்பவரிடம் கேட்கலாம். கேட்கும் விதம் முக்கியம். "ஆர்எக்ஸ் பிளிங்க் ஆகுதா?" என்று கேட்டால் "எல்லாம் எரியுது சார்" என்றுதான் பதில் வரும். "அண்ணே, கருப்பு வயர் சொருகின இடத்துக்குப் பக்கத்துல ரெண்டு சின்ன லைட் இருக்கும். ஒண்ணு மட்டும் மினுக்குதா, ரெண்டும் மாத்தி மாத்தி மினுக்குதா?" என்று கேளுங்கள். மாறி மாறி மினுக்கினால் கேள்வியும் போகிறது, பதிலும் வருகிறது.

இரண்டாவது வகையில் (டிஎக்ஸ் ஏறியும் ஆர்எக்ஸ் பூஜ்யம்) அடிக்கடி வருவது மோட்பஸ் டிசிபி (நெட்வொர்க்கில் ஓடும் வடிவம்), மோட்பஸ் ஆர்டியு (சீரியல் வயரில் ஓடும் வடிவம்) குழப்பம். கேபிளில் ஓடும் ஆர்டியு சட்டத்தின் (ஃபிரேம், அதாவது ஒரு முழுக் கேள்வி அல்லது பதில்) கடைசியில் 2 பைட் சிஆர்சி (பிழை சரிபார்க்கும் எண்) இருக்கும். மோட்பஸ் டிசிபியில் சிஆர்சி கிடையாது, முன்னால் 7 பைட் தலைப்பு இருக்கும். பெட்டி வெறும் குழாயாக மட்டும் இருந்து, மென்பொருள் மோட்பஸ் டிசிபி பேசினால், அந்த 7 பைட்டும் அப்படியே வயரில் இறங்கும். கருவிக்கு ஒன்றும் புரியாது, பேசாமல் இருந்துவிடும். பெட்டியை கேட்வே மோடுக்கு (ஒரு வடிவத்தை மற்றதாக மாற்றித் தரும் மோடு) மாற்றுங்கள், அல்லது மென்பொருளில் "ஆர்டியு ஓவர் டிசிபி" என்பதைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் கேட்வே மோடுதான். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இதைவிட விசித்திரமானது டெல்நெட் (நெட் வழியாக எழுத்து அனுப்பும் பழைய நெறிமுறை) கோளாறு. ரீடிங் எல்லாம் ஒழுங்காக வரும். பம்பை நிறுத்தச் சொன்னால் நிற்கும். ஓடச் சொன்னால் மட்டும் ஓடாது. ரிலே போச்சு என்று மாற்றியிருப்பார்கள், அப்புறமும் ஓடாது. மோட்பஸ்ஸில் ஒரு காயிலை (ரிலே போன்ற ஆன்-ஆஃப் புள்ளி) ஆன் செய்யும் மதிப்பு எஃப்எஃப் 00. ஆஃப் செய்ய 00 00. டெல்நெட்டில் எஃப்எஃப், அதாவது 255, சாதாரண பைட் அல்ல. "அடுத்து வருவது எனக்கான கட்டளை" என்ற அடையாளம் அது. உண்மையான 255-ஐ அனுப்ப அதை இரட்டிக்க வேண்டும். பெட்டி டெல்நெட் அல்லது அதன்மேல் கட்டிய ஆர்எஃப்சி 2217 மோடிலும், உங்கள் பக்கம் வெறும் டிசிபியிலும் இருந்தால், ஆன் கட்டளையிலுள்ள எஃப்எஃப்பைப் பெட்டி விழுங்கிவிடும். சட்டம் சிதைந்து போகும், கருவி அதைக் குப்பையில் போடும். சிஆர்சியில் தற்செயலாக எஃப்எஃப் வரும் ரீடிங்குகளும் அவ்வப்போது காணாமல் போகும், அதை "நெட் ஸ்லோ" என்று தள்ளிவிடுவோம். 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2217 நல்ல ஏற்பாடுதான். பாட் ரேட், பாரிட்டி (பிழை பார்க்கும் கூடுதல் பிட்) இவற்றைத் தூரத்திலிருந்தே மாற்றலாம். ஆனால் இரு பக்கமும் அதையே பேச வேண்டும். இல்லாவிட்டால் இரு பக்கமும் ரா (வெறும் டிசிபி).

இதற்கு ஓர் உறவுக்காரக் கோளாறும் உண்டு. 20 கருவிகள் ஒரே வயரில், எல்லாம் வருகிறது, 17-ஆம் எண்ணும் 19-ஆம் எண்ணும் மட்டும் வருவதில்லை. கருவியை மாற்றாதீர்கள். 17 ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) 11, 19 ஹெக்ஸில் 13. அவை எக்ஸ்-ஆன் (அனுப்பு), எக்ஸ்-ஆஃப் (நிறுத்து) குறிகள். பெட்டியில் சாஃப்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் போட்டிருக்கிறது. அணைத்துவிடுங்கள்.

எடைமேடைக்கு வருவோம். உப்பு லாரி ஏறியதும் இண்டிகேட்டர் ஆர்எஸ்-232 வழியாக எடையைக் கொட்டிக்கொண்டே இருக்கும். திரையில் சில எண்கள் சரியாகவும் சில எண்கள் விசித்திரக் குறிகளாகவும் வந்தால் கவனியுங்கள்: 0, 3, 5, 6, 9 சரியாக வந்து, 1, 2, 4, 7, 8 கெட்டு வந்தால் இண்டிகேட்டர் 7-இ-1 (7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட்), பெட்டி 8-என்-1 (8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்). ஸ்டார்ட் பிட்டையும் சேர்த்து இரண்டும் மொத்தம் 10 பிட்தான் என்பதால் பெட்டி பிழை என்று சொல்லாது. ஒற்றைப்படை ஒன்றுகள் உள்ள எழுத்தில் பாரிட்டி பிட் 1 ஆகி, எட்டாவது பிட்டாகப் படிக்கப்படும். எல்லா எழுத்துமே கெட்டிருந்தால் பாட் ரேட்டைப் பாருங்கள். இந்த ஒரு சோதனைக்கு சைட்டுக்குப் போக வேண்டியதே இல்லை. திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

எடைமேடையில் ஆபத்தான ஒன்று பஃபர். நெட் அறுந்திருக்கும்போது வந்த எடைகளைச் சில பெட்டிகள் சேமித்து வைத்து, இணைப்பு திரும்பியதும் மொத்தமாகக் கொட்டும். முந்தைய லாரியின் எடை இந்த லாரியின் பில்லில் ஏறும். "இணையும்போது பழைய டேட்டாவை அழி" என்ற விருப்பம் அவசியம். வெப்பமானி போன்ற கருவிக்கு இது தொல்லை மட்டும்தான், எடைக்கு இது பணம்.

இனி நேரக் கணக்கு. மோட்பஸ் ஆர்டியுவில் ஒரு சட்டம் முடிந்தது என்பதைக் கருவி அமைதியை வைத்துத்தான் அறியும்: 3.5 எழுத்து நேரம் சும்மா இருந்தால் முடிந்தது என்று பொருள். 9600 பாட்டில், எழுத்துக்கு 11 பிட் என்றால், அது சுமார் 4 மில்லி செகண்ட். 4ஜியில் பாக்கெட்டுகளுக்கு நடுவே பத்து இருபது மில்லி செகண்ட் ஏற்ற இறக்கம் சர்வ சாதாரணம். உங்கள் 8 பைட் கேள்வி இரண்டு பாக்கெட்டாகப் பிரிந்தால் பெட்டி 3 பைட்டை வயரில் விட்டு, கொஞ்சம் பொறுத்து 5 பைட்டை விடும். கருவி இரண்டையும் தூக்கி எறியும். கேட்வே மோடு முழுச் சட்டத்தையும் பெட்டியிலேயே கட்டி ஒரே மூச்சில் அனுப்பும் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. முன்பு சொன்ன காரணம் இது. இன்னொன்றும் உண்டு. இறால் பண்ணையில் ஒரே மீட்டர் ஆக்சிஜனும் வெப்பமும் தருகிறது. ஆக்சிஜன் கேட்டீர்கள், ஒரு நொடிக்குள் பதில் வரவில்லை, மென்பொருள் விட்டுவிட்டு வெப்பம் கேட்டது. இப்போது தாமதமாக வந்த ஆக்சிஜன் பதில் வெப்பத்தின் கட்டத்தில் ஏறும், வெப்பம் ஆக்சிஜனின் கட்டத்தில். ஆக்சிஜன் 28.4 என்று திரையில் வந்தால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். ஆர்டியு பதிலில் எந்த ரிஜிஸ்டர் என்பது இருக்காது; மோட்பஸ் டிசிபியில் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் உண்டு, மாறிப்போகாது. எப்படியானாலும் பெட்டியின் காத்திருப்பு 1 நொடி என்றால் மென்பொருளின் காத்திருப்பு 3 நொடியாவது இருக்கட்டும்.

ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி: யுஎஸ்பி-சீரியல் கேபிள் இரண்டு இருந்தால், கரண்ட் போய் வந்ததும் போர்ட் பெயரிலுள்ள 0-வும் 1-ம் இடம் மாறலாம். பெயரை வரிசை எண்ணால் கூப்பிடாமல், கேபிளில் எஃப்டிடிஐ சிப் என்றால் அதன் சீரியல் எண்ணாலும், சிஎச்340 சிப் என்றால் (அதற்குப் பெரும்பாலும் சீரியல் எண் இருக்காது) சொருகிய துளையாலும் கூப்பிடுங்கள்.

இவ்வளவையும் பார்த்து, டிஎக்ஸ் ஏறி ஆர்எக்ஸ் பூஜ்யம் என்றே நின்றால் கிளம்ப வேண்டியதுதான். மல்டிமீட்டர், 120 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 680 ஓம் இரண்டு, யுஎஸ்பி-485 ஸ்டிக், ஃபெருல் (வயர் நுனியில் மாட்டும் உலோகக் குழல்), அதை அழுத்தும் கிரிம்பர், சிலிகான் கிரீஸ் இவை போதும். ஆர்எஸ்-232 என்றால் ஒன்பது பின் கனெக்டரின் 2-ஐயும் 3-ஐயும் இணைக்க ஒரு சின்ன வயர். இணைத்ததும் மதுரையில் தட்டிய எழுத்து மதுரைக்கே திரும்பி வந்தால் பெட்டியும் நெட்டும் குற்றமற்றவை.

ஆர்எஸ்-485-இல், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏ, பி என்ற இரு வயருக்கு இடையே ஓம் பாருங்கள். 60 வந்தால் இரு முனையிலும் டெர்மினேஷன் (120 ஓம் ரெசிஸ்டர்) இருக்கிறது. 120 என்றால் ஒரு முனையில்தான். 40 என்றால் யாரோ நடுவில் மூன்றாவதையும் போட்டிருக்கிறார்கள். பிறகு கரண்ட் கொடுத்து, யாரும் பேசாத நேரத்தில் ஏ-பி இடையே வோல்ட் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் லைன் அந்தரத்தில் நிற்கிறது, ஒன்றும் பேசாதபோதும் ரிசீவர் ஏதோ கேட்டதாக நினைக்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் 680 ஓம் வழியாக பிளஸ் பக்கத்தை 5 வோல்ட்டுக்கும் மைனஸ் பக்கத்தை கிரவுண்டுக்கும் இழுத்துக் கட்டுங்கள். 9600-இல் 50 மீட்டர் ஓடும் லைனுக்கு டெர்மினேஷனே தேவையில்லை. போட்டால் இந்த வோல்ட்தான் குறையும். ஏ, பி பெயரில் கம்பெனிக்குக் கம்பெனி முரண்பாடு; பதில் வராவிட்டால் மாற்றிப் போட்டுப் பாருங்கள், எதுவும் எரியாது.

கடைசியாக நம்ம ஊருக்கே உரியது. காலை 5 மணிக்கு வரவில்லை, 11 மணிக்குத் தானாக வருகிறது, இரவு மறுபடி போகிறது என்றால் அது உப்பு. சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்குக் குறைவிலேயே நனைந்துவிடும். டெர்மினல்களுக்கு இடையே படிந்த மெல்லிய படலம் இரவில் மின்கடத்தியாகி ஏ-பி வோல்ட்டைக் கீழே இறக்கும், வெயில் ஏறினால் காய்ந்துவிடும். மதியம் போய்ப் பார்க்கும் டெக்னீஷியனுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். மண்டபத்தில் ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். வாடைக் காற்றானாலும் கச்சான் காற்றானாலும் உப்பு வந்துகொண்டேதான் இருக்கும். பெட்டியை ஐபி65 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) உறைக்குள் வைத்து, கேபிள் எல்லாம் அடியிலிருந்து கிளாண்ட் வழியாக ஏற வேண்டும். மேலிருந்து இறங்கினால் மழைநீர் வயரோடு உள்ளே போகும். பச்சை பிடித்த செப்பைச் சுரண்டி மறுபடி முறுக்காதீர்கள். வெட்டி எறிந்து, டின் பூசிய வயரும் ஃபெருலும் போட்டு, மேலே சிலிகான் கிரீஸ் தடவுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் அடி வாங்குவது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தொங்கும் 485 வயர்தான். பம்ப் ரூம் எர்த்தும் ஆபீஸ் எர்த்தும் ஒன்றல்ல. 485 சிப் தாங்குவது -7-இலிருந்து +12 வோல்ட் வரைதான். இங்கத்து உப்பு மண்ணில் எர்த் எதிர்ப்பு குறைவாக இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள், ஜிஐ பைப்பை அதே மண் வேகமாகத் தின்றுவிடும். ஐசோலேட்டட் பெட்டி, இரு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர், ஷீல்டுக்கு ஒரு முனையில் மட்டும் எர்த். தூரம் அதிகம் என்றால் ஃபைபர் கன்வெர்ட்டர்.

கரண்ட் போய் வரும்போது ரவுட்டர் எழ இரண்டு நிமிடம் ஆகலாம், பெட்டி சில நொடிகளில் எழுந்துவிடும். டிஎச்சிபியில் (ரவுட்டரே முகவரி தரும் முறை) விட்டிருந்தால் முகவரி கிடைக்காமல், சில மாடல்கள் கம்பெனி போட்டனுப்பிய முதல் முகவரிக்கே போய்விடும். ஸ்டேடிக் ஐபி கொடுங்கள். பெட்டியின் கான்ஃபிகரேஷனை ஏற்றுமதி செய்து, அதே மாடலில் ஒரு மாற்றுப் பெட்டியில் முன்கூட்டியே ஏற்றிப் பேனலிலேயே வைத்துவிடுங்கள். மின்னலடித்த மறுநாள் உள்ளூர் எலக்ட்ரீஷியன் மூன்று வயரைக் கழற்றி மாட்டினால் போதும். வயருக்கு நிற டேப்பும், பெட்டியில் அதே நிறத்தில் குறியும் இருக்கட்டும்.